காலையில் 100, கரை திரும்பும்போது 5: பழவேற்காடு மீனவர்களின் போனில் சார்ஜ் நிற்காதது ஏன்? என்ன செய்யலாம்?

விடியற்காலை மூன்று மணிக்குப் படகைத் தள்ளும்போது போனில் 100 சதவீதம் சார்ஜ். வலை விட்டு, வலையை இழுத்து, முகத்துவாரம் வழியாகத் திரும்பும்போது மிச்சம் 5 சதவீதம். இத்தனைக்கும் போனை யாரும் தொடவே இல்லை. யூடியூப் பார்க்கவில்லை, கேம் ஆடவில்லை, ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை. பிறகு சார்ஜ் எங்கே போச்சு?

"சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது" என்பது ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் எல்லோரும் சொல்லும் குறைதான். நகரத்தில் இருப்பவருக்கு அது ஒரு தொல்லை. பக்கத்திலேயே பிளக் பாயின்ட் இருக்கும், இல்லாவிட்டால் பவர் பேங்க் இருக்கும். கடலில் இருப்பவருக்குக் கதையே வேறு. திசை காட்டுவது போன். புயல் எச்சரிக்கை வருவது போனில். இன்ஜின் நின்றுபோனால் கரைக்குச் சொல்ல வேண்டியதும் அதே போனில்தான்.

பேட்டரியே கெட்டுப்போச்சு என்று நினைத்துப் பலர் மாற்றிவிடுகிறார்கள். சிலர் போனையே மாற்றுகிறார்கள். ஆனால் புது போனிலும் அதே கதை தொடர்ந்தால், கோளாறு பேட்டரியில் இல்லை. போன் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அது எப்படி என்று பார்க்கலாம்.

பழவேற்காட்டில் என்ன பிரச்சனை?

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிஷாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ராக்கெட் ஏவுதளம் உள்ள ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது.

இங்கே மீன்பிடி இரண்டு வகை. ஏரிக்குள் இறால், நண்டு, மடவை பிடிப்பவர்கள் ஒருபுறம். ஃபைபர் படகில் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்கள் இன்னொருபுறம். இருவருமே ஊரிலிருந்து, அதாவது செல்போன் டவரிலிருந்து, விலகி விலகிப் போகிறவர்கள். டவர்கள் எல்லாம் மக்கள் குடியிருக்கும் கரைப்பக்கம்தான். கடலுக்குள் டவர் கிடையாது.

பேட்டரி தீரும் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தொடாத போன் எப்படி சார்ஜைத் தின்னும்?

செல்போன் என்பது கேட்கும் கருவி மட்டும் இல்லை, பேசும் கருவியும்கூட. யாரும் கால் செய்யாவிட்டாலும், "நான் இங்கே இருக்கிறேன்" என்று அவ்வப்போது டவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பின்னணியில் வாட்ஸ்அப், மெயில் என ஒவ்வொன்றும் புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று சர்வரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்.

டவர் பக்கத்தில் இருந்தால் இதற்கெல்லாம் மெல்லிய குரல் போதும். தூரம் போகப் போக போன் கத்த வேண்டும். சாதாரண 4ஜி போன் அதிகபட்சமாக 0.2 வாட் சக்தியில் அலைகளை அனுப்பும். டவருக்கு அருகில் இருக்கும்போது இதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. சிக்னல் ஓரத்துக்குப் போனால் உச்ச சக்தியில்தான் பேசியாக வேண்டும். அந்த 0.2 வாட்டை வெளியே அனுப்ப, உள்ளே பேட்டரியிலிருந்து அதைப்போலப் பல மடங்கு மின்சாரம் செலவாகும்.

ஒரு சின்னக் கணக்கு. 5,000 எம்.ஏ.எச் பேட்டரியில் இருக்கும் மொத்த ஆற்றல் சுமார் 19 வாட்-மணி. போன் தொடர்ந்து 2 வாட் இழுத்தால் பத்து மணி நேரத்துக்குள் பேட்டரி காலி. அதே போன் நல்ல சிக்னலில், திரை அணைந்து சும்மா கிடந்தால் நாள் கணக்கில் தாங்கும்.

சிக்னல் சுத்தமாக இல்லாத இடத்தைவிட, வந்து வந்து போகும் இடம் பல நேரங்களில் மோசம். டவரைப் பிடிக்கும், விடும், மறுபடி தேடும். 5ஜியிலிருந்து 4ஜிக்கு இறங்கும், மறுபடி ஏறப் பார்க்கும். பாதியில் அறுந்த வேலையை ஒவ்வொரு செயலியும் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். இரண்டு சிம் போட்டிருந்தால் இந்தத் தேடலும் இரண்டு மடங்கு.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் 2015-ல் 'டோஸ்' என்ற வசதி வந்தது. திரை அணைந்து போன் சும்மா கிடந்தால், பின்னணி வேலைகளை அடக்கிவைத்து அது பேட்டரியைச் சேமிக்கும். ஆனால் அது முழு அளவில் வேலை செய்ய, போன் அசையாமல் ஓரிடத்தில் கிடக்க வேண்டும். அலையில் ஆடும் படகில் அது எங்கே நடக்கும்?

'ஒரு கட்டை' இருக்கு, ஆனா கால் போகல... ஏன்?

கடலில் பலருக்கும் வரும் சந்தேகம் இது. திரையில் ஒரு கோடு சிக்னல் தெரியும், டயல் செய்தால் லைன் கிடைக்காது.

திரையில் தெரியும் கோடுகள் டவரின் குரல் போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டுகின்றன. போனின் குரல் டவருக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டுவதில்லை. டவர் பல பத்து வாட் சக்தியில் பேசும். போனால் 0.2 வாட்டில்தான் பதில் சொல்ல முடியும். கரையில் மைக் வைத்துப் பேசுபவரின் குரல் படகுக்குக் கேட்கும். படகில் இருந்து வெறும் வாயால் கத்தினால் கரைக்குக் கேட்காது. அந்த மாதிரிதான் இதுவும்.

அதனால் ஒரு கோடு தெரிகிறதே என்று அந்த இடத்தில் அதை நம்பி இருப்பது ஆபத்து. அங்கேதான் போன் அதிகம் கத்திக்கொண்டிருக்கும், பேட்டரியும் அங்கேதான் வேகமாகக் கரையும். பேச்சை விட எஸ்.எம்.எஸ் இப்படிப்பட்ட இடத்தில் போய்ச்சேர வாய்ப்பு அதிகம். ஒரு நொடி வழி கிடைத்தாலும் போதும், போய்விடும்.

ஜி.பி.எஸ் பேட்டரியைத் தின்னாதா?

தின்னும், ஆனால் பலரும் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. போன் அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை. அவை அனுப்புவதை வாங்கிக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். ரேடியோவில் பாட்டுக் கேட்பது போல. அதனால்தான் டவரே இல்லாத நடுக்கடலிலும் ஜி.பி.எஸ் வேலை செய்கிறது.

பேட்டரி அதிகம் போவது, ஜி.பி.எஸ் ஓடும்போது வரைபடத்துக்காகத் திரையை முழு வெளிச்சத்தில் எரியவிடுவதால்தான். வெயிலில் திரை தெரிய வேண்டும் என்று போனே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தேவைப்படும்போது பார்த்துவிட்டுத் திரையை அணைத்தாலே பெரிய மிச்சம்.

இன்றைய பெரும்பாலான போன்களில் ஏரோபிளேன் மோடு போட்டாலும் ஜி.பி.எஸ் ஓடும். ஆனால் ஒரு விஷயம்: நெட்வொர்க் உதவி இல்லாமல் புதிதாக இடத்தைக் கண்டுபிடிக்க போனுக்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதனால் கரையில் இருக்கும்போதே வரைபடத்தை ஆஃப்லைனில் டவுன்லோடு செய்து, ஒருமுறை இடம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

அப்போ ஏரோபிளேன் மோடு போட்டால் போதுமா?

போதாது. யோசித்துச் செய்ய வேண்டியது இது. ஏரோபிளேன் மோடில் சார்ஜ் நிற்கும், ஆனால் கால் வராது, எஸ்.எம்.எஸ் வராது, டவர் வழியாக வரும் அபாய எச்சரிக்கையும் வராது. சார்ஜ் முழுக்க இருக்கும் போனில் புயல் எச்சரிக்கை வந்து சேரவில்லை என்றால் என்ன பயன்?

அதனால் போகும் இடத்தைப் பொறுத்து மூன்று படியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. ஏரிக்குள்: சிக்னல் இருக்கும்வரை ஏரோபிளேன் மோடு வேண்டாம். மொபைல் டேட்டாவை மட்டும் ஆஃப் செய்தால் போதும். கால், எஸ்.எம்.எஸ், டவர் வழி எச்சரிக்கை எல்லாம் வரும். வாட்ஸ்அப்பும் வீடியோவும் பின்னணியில் ஓடாது.

2. கரையோரக் கடலில்: டேட்டா ஆஃப். இரண்டு சிம்மில் சிக்னல் குறைவாக உள்ளதை செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். 5ஜி போன் என்றால் நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றிவிட்டால் தாவித் தாவித் தேடுவது குறையும்.

3. சிக்னல் வந்து போகும் தூரத்தில்: படகில் நான்கு பேர் இருந்தால் ஒருவரின் போன் மட்டும் ஆனில் இருக்கட்டும். மற்ற மூன்றும் ஏரோபிளேன் மோடில், அல்லது சுவிட்ச் ஆஃப். ஒன்று தீர்ந்தால் அடுத்தது. எல்லாப் போனும் ஒரே நேரத்தில் சிக்னல் தேடி, ஒரே நேரத்தில் அணைந்துபோவதுதான் நடக்கக் கூடாதது. ஒருவர் மட்டுமே போகும் படகில், மணிக்கு ஒருமுறை ஏரோபிளேன் மோடை எடுத்து, எச்சரிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

உண்மையான காரணம் எது? எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாப் பழியையும் சிக்னல் மேல் போட முடியாது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய், எது எவ்வளவு சார்ஜ் எடுத்தது என்ற பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

* மொபைல் நெட்வொர்க் அல்லது செல் ஸ்டான்ட்பை மேலே இருந்தால்: சிக்னல்தான் காரணம். பேட்டரி மாற்றினாலும் பெரிய பயன் இல்லை.
* திரை மேலே இருந்தால்: வெளிச்சத்தையும், திரை அணைய எடுக்கும் நேரத்தையும் குறைக்கலாம்.
* ஏதோ ஒரு செயலி மேலே இருந்தால்: அதன் பின்னணி அனுமதியைக் கட்டுப்படுத்தலாம், தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம்.
* பட்டியலில் ஒன்றும் தப்பாக இல்லை, ஆனால் 30 சதவீதத்தில் இருந்து திடீரென அணைந்துபோகிறது என்றால்: பேட்டரிக்கு வயசாகிவிட்டது. மாற்ற வேண்டியதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ராத்திரி படுக்கும்போது ஏரோபிளேன் மோடு போட்டு வைத்து, காலையில் பார்க்கலாம். இரண்டு மூன்று சதவீதம் மட்டும் குறைந்திருந்தால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது. சும்மா கிடந்தே பெரிதாக இறங்கியிருந்தால் பேட்டரியையோ செயலியையோ பார்க்க வேண்டும். போனின் பின்பக்கம் உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம். சார்ஜ் போடாமல், அழுத்தாமல், உடனே கடைக்கு எடுத்துப் போக வேண்டும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கலாம்.

வெயிலும் உப்புத் தண்ணியும்

லித்தியம் அயான் பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்ள இடத்தில் தொடர்ந்து பயன்படுத்தினால் பேட்டரியின் கொள்ளளவே நிரந்தரமாகக் குறையலாம் என்று போன் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. சித்திரை வெயிலில் படகின் இன்ஜின் பக்கத்தில், பிளாஸ்டிக் கவருக்குள் கிடக்கும் போனின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. நிழலில், துணி சுற்றி வைக்கலாம். சூடாகிவிட்டதே என்று ஐஸ் பெட்டிக்குள் மட்டும் வைக்கக் கூடாது. உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

அடுத்தது உப்பு. "என் போன் வாட்டர் ப்ரூஃப்" என்பதை நம்பிக் கடலில் முக்கக் கூடாது. ஐ.பி.68 போன்ற தரச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை, கடல் நீரில் அல்ல. சார்ஜ் போடும் துளையில் உப்பு ஈரம் இருக்கும்போது சார்ஜர் செருகினால் உள்ளே உள்ள உலோகம் அரிக்கும். பிறகு சார்ஜ் ஏறாது, அல்லது பாதியில் நிற்கும். அதையும் பேட்டரிக் கோளாறு என்றே பலர் நினைக்கிறார்கள். கரைக்கு வந்ததும் துடைத்து, காயவிட்டு, பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். போன் கடலில் விழுந்துவிட்டால் அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், சீக்கிரம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். அரிசி மூட்டையில் போட்டு வைப்பது வேண்டாம். அரிசித் துகள் போனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது.

இன்னொரு பழக்கம், திறந்திருக்கும் செயலிகளை எல்லாம் நிமிடத்துக்கு ஒருமுறை தள்ளி மூடுவது. திரும்பத் திறக்கும்போது கூடுதல் செலவுதான். சார்ஜை மிச்சப்படுத்த இது தேவையில்லை என்று ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டின் மென்பொருள் தலைவர்களும் 2016-லேயே சொல்லிவிட்டார்கள்.

பவர் பேங்க் வாங்கும்போதும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 10,000 எம்.ஏ.எச் என்று எழுதியிருந்தாலும், மின்னழுத்தம் மாற்றும்போது ஏற்படும் இழப்புப் போக சுமார் 6,000 தான் கைக்கு வரும். 5,000 எம்.ஏ.எச் போனை ஒருமுறைக்குச் சற்று மேல் நிரப்பலாம். பி.ஐ.எஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது பாதுகாப்பு.

புயல் நேரத்தில் கரையிலும் இதே கதை

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் மின்சாரம் போனது, கூடவே செல்போன் சேவையும் பல இடங்களில் முடங்கியது. கரண்ட் போனால் டவர் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் சில மணி நேரம் தாங்கும். பிறகு டவர் அணையும். அப்போது கரையில் வீட்டுக்குள் இருக்கும் போனும் நடுக்கடலில் இருக்கும் போன் மாதிரி டவரைத் தேடித் தேடியே சாகும். சார்ஜ் போடவும் வழியில்லை. படகில் சொன்ன அதே விதி இங்கேயும் பொருந்தும்: வீட்டில் ஒரு போன் ஆனில், மற்றவை ஏரோபிளேன் மோடில்.

இதில் அரசின் பங்கு என்ன?

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் ஒரு பாடம் கற்றுத் தந்தது. எச்சரிக்கை வெளியானபோது குமரி, கேரள மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. அதன் பிறகு 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கைகளைச் செயற்கைக்கோள் வழியாக வாங்கித் தரும் கருவி அது. 2024 ஆகஸ்ட் 30-ம் தேதி, சுமார் 360 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். இதில் படகிலிருந்து கரைக்கும் செய்தி அனுப்ப முடியும்.

இரண்டுமே பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டிலும் கருவிக்கு வரும் செய்தி, ப்ளூடூத் வழியாக மீனவரின் செல்போனுக்குத்தான் போகிறது. செயற்கைக்கோள் வரைக்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது, கடைசி மூன்றடி மட்டும் மீனவர் தன் காசில் வாங்கிய போனை, அதன் பேட்டரியை நம்பி இருக்கிறது. கடலோரக் கிராமங்களில் டவர் வசதி, படகில் போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு வழி, போனை எப்படி வைத்துக்கொள்வது என்ற பயிற்சி ஆகியவையும் சேர்ந்தால்தான் அந்தச் சங்கிலி முழுமையாகும். ஒரு பகுதியில் எந்த நிறுவனத்தின் சிக்னல் எவ்வளவு என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று டிராய் 2024-ல் விதி கொண்டுவந்திருக்கிறது. சிம் வாங்கும் முன் அதைப் பார்ப்பதும், சிக்னல் இல்லாத இடங்களைக் காட்டிப் புகார் செய்வதும் கிராமங்களுக்குக் கையில் உள்ள வழி.

கிளம்பும் முன் நினைவில் வைக்க வேண்டியவை

* இன்காய்ஸ், வானிலை மையத்தின் எச்சரிக்கையைக் கரையிலேயே பார்த்துவிட வேண்டும். ராக்கெட் ஏவும் நாட்களில் வரும் கடல் தடை அறிவிப்பையும் சேர்த்து.
* கடலோரக் காவல் படையின் மீட்பு உதவி எண் 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் படகில் போகும் எல்லோர் போனிலும் பதிந்து வைக்கலாம்.
* ஆபத்தில் "முகத்துவாரத்துக்குக் கிழக்கே இருக்கோம்" என்று சொல்வதைவிட, ஜி.பி.எஸ் காட்டும் இரண்டு எண்களை எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பினால் தேடுபவர்கள் நேரே வந்து சேர்வார்கள்.
* 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தப் போன் அவசரத்துக்கு மட்டும். வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

செல்போன் டவரின் எல்லைக்குள் மட்டுமே செல்போனால் பேச முடியும். ஆழ்கடலுக்குப் போகும் படகுகளுக்கு வி.எச்.எஃப் ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் போன்ற கருவிகளுக்கு மாற்று கிடையாது. ஆனால் சிறு படகில், கரைக்குச் சில மைல் தூரத்தில் வலை விடும் ஒருவருக்கு இன்று கையில் இருக்கும் ஒரே பாதுகாப்புக் கருவி பெரும்பாலும் அந்தப் போன்தான். டீசல் அளவைப் பார்க்காமல் யாரும் படகைத் தள்ளுவதில்லை. போன் சார்ஜையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது.